இடது பக்கமும் பால் உண்டு

பதினோரு வருடமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவள் நான். “ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும் குடுங்க, தண்ணிகூட வேண்டாம்.” மேலூருக்குக் கிழக்கே ஐந்து கிராமங்களுக்கு நான்தான் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா என்பார்கள். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய ஒவ்வொரு பெண்ணின் வாசலிலும் என் ஸ்கூட்டி நிற்கும். உள்ளே போய்க் குழந்தையின் எடையைப் பார்ப்பேன், தொப்புளைப் பார்ப்பேன், அந்த வாக்கியத்தைச் சொல்வேன், நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

முப்பத்து நாலாவது வயதில் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம், சுகப்பிரசவம். பிறந்த அரை மணி நேரத்தில் மார்பில் போட்டேன். சீம்பால் கொடுத்தேன். மற்றவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். மூன்றாம் நாள் காளவாசலில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தபோது, இனி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற நினைப்புதான் இருந்தது. அந்த நினைப்பு இரண்டு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் இடது பக்கக் காம்பில் ஒரு வெடிப்பு. நகம் பட்டதுபோல மெல்லிய கோடு. பாப்பா வாய் வைத்ததும் உச்சந்தலை வரை ஒரு வலி ஏறியது. கால் விரல்களை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்தேன். இது எல்லோருக்கும் வருவதுதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் எத்தனை பெண்களிடம் இதே சொல்லை இதே குரலில் சொல்லியிருப்பேன்!

சரியாகவில்லை. வலிக்குப் பயந்து இடது பக்கம் கொடுப்பதைக் குறைத்தேன். பிறகு நிறுத்தியே விட்டேன். குடிக்க ஆள் இல்லாமல் பால் உள்ளேயே தங்கியது. அங்கே கல்போல ஒரு கட்டி திரண்டது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சித்திரை வெயிலில் இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. என் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து நானே வைத்துப் பார்த்தேன். நூற்று மூன்று.

என் கணவர் கார்த்தி ஒரு பேக்கரியில் மாஸ்டர். மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்தார். மறுநாள் காலை பைபாஸ் பக்கமிருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்குப் போனோம். காத்திருக்கும் இடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிடும் பெண்ணின் குரல் எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போலிருந்தது. பாப்பா அத்தையின் மடியில் வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தை என்றால் என் மாமியார். எனக்குத் தாய் இல்லை. பத்து வருடமாக அந்த இடத்தில் அத்தைதான்.

உள்ளே இருந்த டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார். “மாஸ்டைட்டிஸ்.” பால் வடியாமல் தேங்கி, வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய், மார்பு முழுக்க வீங்கிச் சிவப்பதற்கு அந்தப் பெயர். எனக்குத் தெரிந்த பெயர்தான். பயிற்சிக் காலத்தில் பரீட்சைக்கு எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன்.

“ஆன்டிபயாடிக் எழுதியிருக்கேன். பால் வத்துறதுக்கும் மாத்திரை இருக்கு. குழந்தைக்கு இனிமே பவுடர் பால் குடுத்திருங்க.”

“வலது பக்கம் நல்லாத்தான் இருக்கு மேடம். அதையாச்சும் குடுக்கலாம்ல?”

“எதுக்கும்மா இவ்வளவு கஷ்டப்படுறீங்க? இப்ப எல்லாம் நல்ல நல்ல பவுடர் இருக்கே.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் வாசலில் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். என்னிடம் செலவழிக்க அவரிடம் அவ்வளவு நேரம்தான் இருந்தது. இதை எழுதும்போதுதான் இந்த நிதானம் வருகிறது. அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்து சுவரைப் பார்த்து அழுதேன்.

ஆன்டிபயாடிக்கைப் போட்டேன். பால் வற்ற வைக்கும் மாத்திரையைப் பிரிக்கவில்லை. ஆனால் அதைத் தூக்கிப் போடவும் இல்லை. நான் உறுதியாக இருந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், அது பொய். தலையணைக்கடியில் அந்த அட்டை இருந்தது. வலி வரும்போதெல்லாம் கை தானாக அங்கே போனது.

அடுத்த நாள் சாயங்காலம் அத்தை கடைவீதிக்குப் போய்விட்டு வந்தார். கையில் இலைப் பொட்டலம். பிரித்தால் நாலு முழம் மல்லிகை, நெருக்கக் கட்டியது. தலைக்கு வைக்கத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“மாருல வச்சுக் கட்டிக்க தாயி,” என்றார். “ரெண்டு நாள்ல பால் வத்திரும்.”

எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான் அது. குழந்தை தவறிப்போன வீடுகளில் கட்டுவார்கள். அத்தை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“என் கூடப்பொறந்தவ ஒருத்தி இருந்தா. உனக்குச் சொன்னதில்ல. இப்படித்தான் மாரு வீங்கிச்சு, காய்ச்சல் வந்துச்சு. மாட்டு வண்டியில தூக்கிட்டு வந்தோம். வழியிலயே போய்ட்டா. புள்ளையப் பவுடர் போட்டு வளத்துக்கிடலாம் தாயி. பால் போனாப் போகுது. நீ எனக்கு வேணும்.”

அதுவரை அத்தைக்கு என் பிடிவாதம் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு இருந்தது பயம். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். “எனக்கு ஒண்ணும் ஆகாது அத்தை. ஆனா இந்தப் பூ மட்டும் வேண்டாம்,” என்றேன். அவர் பூவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குப் போட்டார். திரும்பி வந்து, “அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்காச்சும் போவோம். வீட்ல வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல,” என்றார்.

இன்னும் இரண்டு நாள் மாத்திரை வேலை செய்யும் என்று இழுத்தடித்தேன். பதினேழாம் நாள் காலை, இடது மார்பின் கீழ்ப்பகுதியில் தோல் பளபளவென்று நீலம் பாரித்திருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே ஏதோ தளும்பியது. கார்த்தி ஆட்டோ பிடித்தார். காளவாசல் சிக்னலில் ஆட்டோ நின்ற ஒவ்வொரு நொடியும் எனக்கு நினைவிருக்கிறது. முன்னால் ஒரு மாட்டுத் தீவன லாரி, பக்கத்தில் ஹாரன் அடித்தபடி மூன்று பைக். ஒவ்வொரு குலுங்கலுக்கும் மார்பைக் கையால் தாங்கிக்கொண்டேன்.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு, வரிசை, பெஞ்சு. நர்ஸ் என்று சொல்லி முன்னால் போயிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. தாய்ப்பால் வாரத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவள், குழந்தைக்குப் பால் கொடுக்கத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. மார்பில் ஜெல்லைத் தடவி அந்தக் கருவியை உருட்டியபோது வலியில் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு கறுப்புக் குளம் தெரிந்தது. ஐந்து சென்டிமீட்டர். ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்துத் தைத்ததுபோல. சீழ்க்கட்டி.

அன்றே பாப்பாவையும் எடை போட்டார்கள். இரண்டு கிலோ அறுநூற்று ஐம்பது. பிறந்தபோது இருந்ததைவிட இருநூற்று ஐம்பது கிராம் குறைவு. இரண்டரை வாரத்தில் பிறந்த எடையைத் தாண்டியிருக்க வேண்டும். எத்தனையோ வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டு முகத்தைச் சுளித்திருக்கிறேன். இப்போது என் குழந்தையின் விலா எலும்புகளை நானே பார்த்தேன். ஸ்கேனில் தெரிந்த குளத்தைவிட அந்த எண்தான் என்னை உடைத்தது.

அறுவை சிகிச்சைப் பிரிவு டாக்டர் ஐம்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அவரிடம் எனக்கு இருந்தது ஒரே கேள்வி.

“சார், நான் பால் குடுக்கணும். முடியுமா, முடியாதா?”

ஸ்கேன் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “குடுக்கணும்னு நினைக்கிறீங்களா?”

“ஆமா சார்.”

“அப்ப நிறுத்த வேண்டாம். நிறுத்தினா இன்னும் கட்டிக்கும். கத்தி வைக்காம முதல்ல ஊசியில சீழை உறிஞ்சிப் பாப்போம். ஒரு தடவையில முடியாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கணும். இந்த ஆன்டிபயாடிக் குழந்தைக்குக் கெடுதல் இல்ல. வலது பக்கம் நிறுத்தாமக் குடுங்க. இடது பக்கம் பீச்சி எடுத்துக்கிட்டே இருங்க. புண்ணு ஆறினதும் அதையும் குடுக்கலாம்.”

முடியும் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. ஆனால் எனக்கு அந்தச் சொல்தான் காதில் விழுந்தது.

வார்டில் முப்பது கட்டில்கள். பித்தப்பைக் கல், குடல்வால், சர்க்கரைப் புண் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. கைக்குழந்தைக்கு அங்கே இடமில்லை, தொற்று வந்துவிடும். அதனால் அத்தை பாப்பாவோடு வெளித் தாழ்வாரத்தில் பாய் விரித்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் எழுந்து வார்டைத் தாண்டிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும். முதல் நாள் தாழ்வாரத்தில் ஆண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். சேலையால் மூடிக்கொண்டு, கூனிக்கொண்டு, குழந்தை எங்கே வாய் வைக்கிறது என்றுகூடத் தெரியாமல் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டவள் வார்டு நர்ஸ் ஜெபராணி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்.

“அக்கா, இப்படி ஒளிஞ்சுக்கிட்டுக் குடுத்தா அது எப்படிக் குடிக்கும்? இங்கிட்டு வாங்க,” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வார்டுக்கு வெளியே, சலவைத் துணி அடுக்கும் சின்ன அறை. ஒரு நாற்காலியைப் போட்டாள். பழைய படுக்கை விரிப்பைக் கதவுக்குத் திரையாகக் கட்டினாள். மேலே ஒரு காகிதத்தை ஒட்டினாள். ‘தாய் உள்ளே இருக்கிறார். கதவைத் தட்டவும்.’ யாரிடம் அனுமதி கேட்டாளோ தெரியாது. அதன் பிறகு எட்டு நாளும் அந்த அறை என்னுடையது.

ஊசி போட்டுச் சீழ் எடுத்ததைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயந்து போய்த் தள்ளிப்போடுகிறவர்கள் இருப்பார்கள். மரத்துப்போவதற்கு முதலில் ஒரு ஊசி போடுவார்கள், அது எரியும். பிறகு ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே பெரிய ஊசியை உள்ளே விடுவார்கள். அழுத்தம் மட்டும் தெரியும். முதல் நாள் நாற்பது மில்லி வந்தது, பச்சையும் மஞ்சளுமாக. வெளியே வந்த நிமிடமே மார்பிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. அதில் கொஞ்சத்தை எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் மருந்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் வரவே இல்லை.

கார்த்தி விடியற்காலையில் பேக்கரி வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். நான் வலது பக்கம் கொடுத்து முடித்ததும் மீதியைக் கிண்ணத்தில் பீச்சி எடுப்பேன். அதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுவது அவர் வேலை. பாலாடையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், நீண்ட மூக்கு வைத்த சின்னக் கிண்ணம் அது. மூக்கைக் குழந்தையின் உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்க்க வேண்டும். முதல் தடவை பாதிப் பால் பாப்பாவின் காதுக்குள் போனது. “கேக்குக்குப் பூ போடுற கைய்யி, இது வர மாட்டேங்குதே,” என்று வியர்த்து வழிந்தார். மூன்றாம் நாளுக்குள் ஒரு சொட்டு சிந்தாமல் புகட்டப் பழகிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்களின் சொந்தங்கள் எல்லாம் தாழ்வாரத்தில் நின்று அதை வேடிக்கை பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் என் போன் அடித்தது. பாண்டீஸ்வரி.

அவள் யார் என்று சொல்ல வேண்டும். என் ஐந்து கிராமங்களில் ஒன்றில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண். நாலு வருடத்துக்கு முன் அவளுக்கு முதல் குழந்தை பிறந்தபோது வீட்டுக்குப் போனேன். அடுப்புப் பக்கம் ஒரு பவுடர் பால் டப்பா. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் மாமியார், நாத்தனார், வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், “உனக்கு என்ன கேடு? சோம்பேறித்தனத்துக்குப் புள்ளைய வெலக்கி வச்சிருக்கியா?” என்று கேட்டேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் அவளைப்போலவே கூலிக்குக் குனிந்தவர்கள்தான். ஒரு சீருடைச் சேலை என்னை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகும் அவள் தடுப்பூசிக்குத் தவறாமல் வருவாள். இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது.

“நர்சம்மா, சின்னவனுக்கு இட்லி மசிச்சுக் குடுக்கலாமா?” என்று கேட்டாள்.

கொடுக்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நோயாளியிடம், போனில், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தாழ்வாரத்தில் நின்றாள். இடுப்பில் பையன், கையில் தூக்குவாளி. மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

“கூலி வேலைய விட்டுட்டா வந்த?” என்றேன்.

“ஒரு நாள் கூலிதான, போகட்டும். எங்க, காட்டுங்க.”

துணி அறைக்குள் அழைத்துப் போனேன். வெடிப்பையும் பிளாஸ்திரியையும் பார்த்தாள். பிறகு, “எனக்கு ரெண்டு பக்கமும் இப்படி இருந்துச்சு,” என்றாள். “புள்ள வாயில பால விட ரத்தம்தான் கூட இருந்துச்சு. அன்னைக்கு நீங்க டப்பாவத்தான் பாத்தீங்க. என் மாரப் பாக்கல.”

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

“தப்புத்தான் பாண்டீஸ்வரி. அம்புட்டுப் பேர் முன்னாடி அப்படிக் கேட்டது பெரிய தப்பு. மன்னிச்சிரு.”

அவள் பதறிப்போனாள். “அட, உக்காருங்க நர்சம்மா. வஞ்சதுக்காகவா வந்தேன்? அப்படின்னா நாலு வருசத்துக்கு முன்னாடியே வந்து சண்ட போட்டிருப்பேன்ல?” சிரித்தாள். “ரெண்டாவதுக்கு ஒரு சிஸ்டர் சொல்லிக் குடுத்துச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க படிச்சது. ஆனா உங்க கைக்குத் தெரியல.”

சரியாகச் சொன்னாள். வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் சுற்றியுள்ள கறுப்புப் பகுதியையும் சேர்த்துக் குழந்தை கவ்வ வேண்டும் என்பதை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். என் குழந்தை காம்பின் நுனியைச் சப்பிக்கொண்டிருந்ததை என் கண் பார்க்கவில்லை. மேலிருந்து குனிந்து பார்த்தால் தெரியாது. நான் வலது பக்கம் கொடுப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்த அவளுக்குத் தெரிந்தது.

“மடியில போட்டுக் குனியாதீங்க. குடத்த இடுப்புல எப்படி வைப்போம்? அப்படி இந்தப் பக்கத்துக் கக்கத்துல இடுக்குங்க. கால் பின்னாடி போகட்டும். கழுத்தக் கையில தாங்கிக்கங்க, தலைய அமுக்காதீங்க. இப்ப மூக்குக்கு நேரா காட்டுங்க. அவசரப்படாதீங்க. அவளே வாயத் தெறப்பா. கொட்டாவி விடுற மாதிரி தெறக்கணும். அதுவரைக்கும் குடுக்காதீங்க.”

முதலில் வலது பக்கம் அப்படிப் பழகினோம். வெடிப்பு இல்லாவிட்டாலும் அந்தப் பக்கமும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று வலிக்கும். பாப்பா தலையை ஆட்டி ஆட்டித் தேடினாள், சிணுங்கினாள். திடீரென்று வாய் முழுதாகத் திறந்தது. “இப்ப!” என்றாள் பாண்டீஸ்வரி. இழுத்து அணைத்தேன். கீழுதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பில் அழுந்தியது. வலிக்கவில்லை. இருபது நாளில் முதல் தடவையாக வலிக்கவில்லை. வலிக்காமல் இருக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தாள். அத்தை தன் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு அவளைப் பாயில் பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அவள் பையனை கார்த்தி தோளில் ஏற்றிக்கொண்டு பன் வாங்கிக் கொடுக்கப் போனார். நான்கு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பும்போது, “இடது பக்கத்த விட்றாதீங்க. அது கோவிச்சுக்கிச்சுன்னா அப்புறம் வராது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இடது பக்கத்தை விடவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றடம், பிறகு கையால் பீச்சுதல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதலில் வந்தது நாலைந்து சொட்டு. விரல்கள் மரத்துப்போயின. இரண்டாவது தடவை ஊசி போட்டபோது சீழ் பதினைந்து மில்லிதான். மூன்றாவது தடவை இரண்டு மில்லி, அதுவும் தெளிந்த நிறத்தில். திரையில் இருந்த கறுப்புக் குளம் சுருங்கிச் சுருங்கி ஒரு உளுந்து அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “பாத்துக்கங்க,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

ஏழாம் நாள் காலை. பாப்பாவுக்கு இருபத்து மூன்று நாள். டாக்டர் பிளாஸ்திரியை எடுத்துவிட்டு, வெடிப்பு மூடிவிட்டது, இடது பக்கம் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். துணி அறையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரைக்கு வெளியே அத்தையும் கார்த்தியும் நின்றார்கள். ஜெபராணி எதிரே முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பாப்பாவை இடது கக்கத்தில் இடுக்கினேன். மூக்குக்கு நேராகக் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி காட்டினேன். அழுதாள். பன்னிரண்டு நாளுக்கு மேல் அந்தப் பக்கமே அவளுக்குத் தெரியாது. பழைய வலியை நினைத்து உடம்பு தானாகப் பின்னால் போனது.

“அக்கா, மூச்ச விடுங்க,” என்றாள் ஜெபராணி. “நீங்க இறுக்கினா அதுவும் இறுக்கும்.”

மூச்சை விட்டேன். கொஞ்சம் பீச்சி அவள் உதட்டில் தடவினேன். நாக்கை நீட்டி நக்கினாள். யோசித்தாள். பிறகு, கொட்டாவி விடுகிற மாதிரி, மேலண்ணம் தெரியும்படி வாயைத் திறந்தாள். அணைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை, வெறும் சப்பல். பிறகு மார்புக்குள் ஊசிமுனை ஊசிமுனையாக ஒரு கூச்சம் இறங்கியது. அவள் தாடை மெதுவாக, ஆழமாக அசைய ஆரம்பித்தது. இரண்டு இழுப்பு, ஒரு விழுங்கல். மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு விழுங்கல்.

“முழுங்குறா!” என்று ஜெபராணி கத்தினாள். திரைக்கு அந்தப் பக்கம் அத்தை, “குடிக்கிறாளா? இடது பக்கமா?” என்று கேட்ட கேள்வி வார்டுக்குள்ளேயே கேட்டிருக்கும். விரிப்புத் துணிக்குக் கீழே கார்த்தியின் செருப்பு மட்டும் தெரிந்தது. இரண்டு காலும் நிலைகொள்ளாமல் மாறி மாறி நின்றன. நான் அழவில்லை. சத்தமாகச் சிரித்தேன். சிரித்ததில் பாப்பா வாயை எடுத்துவிட்டு என்னை முறைத்தாள். பிறகு தானாகவே தேடிப் பிடித்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை இரண்டு கிலோ எண்ணூற்று அறுபது. தலையணைக்கடியில் இருந்த மாத்திரை அட்டையை அத்தையே தேடி எடுத்துக் குப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகும் எல்லாம் நேராகப் போகவில்லை. இன்னொரு தடவை பால் கட்டிக்கொண்டது. ஆனால் இந்தத் தடவை பயந்து ஒதுங்காமல் பாப்பாவைத்தான் போட்டேன், ஒரே நாளில் கரைந்தது. இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் சுரக்கிறது. அதனால் என்ன? குறைவு என்பதும் பால்தானே.

இதை எழுதுவது எல்லோரும் என்னைப்போலத்தான் செய்ய வேண்டும் என்று சொல்வதற்காக இல்லை. உடம்பு இடம் கொடுக்காதவர்கள் உண்டு. கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவும் எனக்கு இனி உரிமை இல்லை. கொடுக்க வேண்டும் என்று விரும்பியும் முடியாமல் தவிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வலித்தால் சகித்துக்கொள்ளாதீர்கள், யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே போங்கள், என்னைப்போல நாள் கடத்தாதீர்கள். நிறுத்து என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு வாய்ச் சோறு.

மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பாப்பாவை எங்கே கொண்டுபோவது என்று கார்த்தி கேட்டார். வீட்டுப் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். நான் மேலூர் பஸ்ஸில் ஏறினேன். புதன்கிழமை, என் துணை சுகாதார நிலையத்தில் ஊசி நாள். எனக்குப் பதிலாக வேறொரு நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் மற்ற தாய்மார்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நாலாவது ஆளாகப் பாண்டீஸ்வரி, பையனின் ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்திருந்தாள். நான் வந்ததைப் பார்த்ததும் தன் முறையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

பாப்பாவை எடைத் தட்டில் போட்டார்கள். கையும் காலும் உதைத்ததில் முள் ஆடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முள் நின்றது.

“அஞ்சு கிலோ நானூறு,” என்றாள் நர்ஸ்.

பாண்டீஸ்வரி ஒரு கையை வாயோரம் வைத்துக்கொண்டு குலவை போட்டாள். ஒரு நொடி எல்லோரும் திகைத்துப் போனார்கள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் போட்டாள். அவளுக்கு அடுத்தவள். கைக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

தட்டில் கிடந்த பாப்பாவுக்கு உதடு பிதுங்கியது. வீரிட்டு அழ ஆரம்பித்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்களுக்கு நடுவிலேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். மறைத்துக்கொள்ள இடம் தேடவில்லை. இடது பக்கம் கொடுத்தேன். குலவை இன்னும் ஓயவில்லை, அவள் அழுகை ஓய்ந்துவிட்டது.